நனைக்காத துணி

வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தது காலை ஏழு மணிக்கு. இப்போது மணி ஒன்றே கால். புறக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அது அப்படியே நிற்கிறது, நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் இரண்டரை மீட்டர் சட்டைத்துணி மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. கருஞ்சிவப்பு, கைத்தறிப் பருத்தி, ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறது. புதுத்துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும். துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுத்தையல் போடுகிறவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். பழைய துணி சுருங்கி முடித்த துணி, அது இனிமேல் எங்கேயும் போகாது. புதுத்துணி இனிமேல்தான் சுருங்கும். இரண்டையும் நனைக்காமல் சேர்த்துத் தைத்துவிட்டால் அன்றைக்குப் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், முதல் துவைப்பில் புதுசு தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது சுற்றியிருக்கிற பழசையெல்லாம் சேர்த்து இழுக்கும், போர்வை முழுவதும் முகம் சுளித்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை இஸ்திரி போட்டாலும் நிமிராது. கைத்தறிச் சிவப்பென்றால் சாயமும் இறங்கும். இந்தப் போர்வையில் பக்கத்தில் வெள்ளைச் சட்டைத் துண்டுகள் வேறு. இரண்டு மணிக்குள் நனைத்துவிட்டால் இந்தப் பங்குனி வெயிலுக்கு மூன்று மணிக்குக் காய்ந்துவிடும், ஐந்து மணிக்கு என் மகன் திவாகர் வருவதற்குள் தைத்து முடித்துவிடலாம். எட்டு மணிக்கு அவனுக்கு விமானம். சிங்காநல்லூரில் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அத்தையோடு போயிருக்கிறான். எழுந்து பத்தடி நடந்தால் வாளி. பத்தடிதான். நான் எழுந்திருக்கவில்லை என்பதை ஏழு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போர்வை வேண்டுமென்று கேட்டது அவன்தான். என் வீட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு அவருடைய சட்டைகளை எடுத்து முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தான், எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்குத் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். "கனடாவுல எல்லாம் இப்படிச் செய்யறாங்கம்மா, போனவங்க துணிய வச்சு ஒரு போர்வை. வெளிய குடுத்துக்கூடச் செய்யலாம், ஆனா நீ செஞ்சா வேற மாதிரி" என்றான். போனில் படங்கள் காட்டினான். சதுரம் சதுரமாகச் சேர்த்தது, முக்கோணங்களை எதிரும் புதிருமாக வைத்து நட்சத்திரம் வரச்செய்தது, கையில் கிடைத்த துண்டை அது எந்தக் கோணலில் கிழிந்திருக்கிறதோ அந்தக் கோணலிலேயே ஒட்டி, தையலை மறைக்க மேலே பூவேலை செய்தது. அந்தக் கடைசி மாதிரிதான் எங்கள் குடித்தனத்துக்குப் பொருத்தம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நடுவில் ஒரு சின்னச் சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்த்துக்கொண்டே போகிற மாதிரியைக் காட்டினேன், ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். "இதுவே போதும்மா, இது அழகா இருக்கு" என்றான். பிறகுதான் அதைச் சொன்னான். "அப்பாவுக்கு உன்ற வேலைன்னா எவ்வளவு பெருமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்கூட்டருக்கே போத்தி வச்சிருந்தாரே." கையில் இருந்த சட்டையை நான் மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்ததை உதறி மறுபடியும் மடித்தேன்.

ஸ்கூட்டருக்குப் போர்த்தியிருந்தார், உண்மைதான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. இருநூற்று எட்டு முக்கோணங்கள். தெருமுனை டெய்லரிடம் கழிவுத்துணி கேட்டு வாங்கி, கஞ்சி போக அலசி, நிறம் நிறமாகப் பிரித்து, இவனைத் தூங்கவைத்துவிட்டு மத்தியான நேரங்களில் எட்டு மாதம் கையாலேயே தைத்தேன். முக்கோணத்தில் ஒரு பக்கம் எப்போதும் நெசவுக்குக் குறுக்காகத்தான் வரும், அந்தப் பக்கம் கையில் எடுத்தாலே இழுபடும், அதை இழுக்காமல் தைக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹோம் சயின்ஸ் கல்லூரியில் எங்களுக்கு இரண்டு வாரம் வகுப்பெடுத்த டீச்சர் வீட்டுக்கு வந்து, தரையில் விரித்துச் சுற்றி வந்து பார்த்து, சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பலாம், திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வாசலில் அவருடைய புது ஸ்கூட்டர் என் போர்வையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி இரண்டும் வெளியே வருவதற்காகக் கத்தரிக்கோலால் இரண்டு ஓட்டை. நேராகக்கூட வெட்டவில்லை. நான் அழுததைப் பார்த்து அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கோபப்படவில்லை, திட்டவில்லை, சிரித்தார். "ஒட்டுப்போட்ட துணிதானே, இன்னும் ரெண்டு ஒட்டுப் போட்டுக்க." அடித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் அம்மாவிடம் சொன்னேன், இதுக்குப் போயா கண்ணைக் கசக்குற என்றாள். திங்கட்கிழமை வந்த ஆளிடம் போர்வை முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நான்கு வருடம் அது வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது, தினமும் காலையில் அவர் அதை உருவிச் சுருட்டிக் கீழே போட்டார், நான் எடுத்து மடித்து வைத்தேன். என் மகன் அதைப் பெருமை என்று ஞாபகம் வைத்திருக்கிறான். குழந்தைகளின் ஞாபகத்தைப் போய்த் திருத்த முடியுமா. திருத்தியிருக்கலாம். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, இருபது வயதில், கல்யாணத்துக்கு முந்தின நாள். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்தது. இப்போது அவர் மாலை போட்ட படமாகிவிட்டார், இனிச் சொன்னால் நான்தான் கெட்டவள்.

ஒன்று ஐம்பது. வெயில் கல்லைவிட்டு நகர்ந்து கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விட்டது. முப்பத்தைந்து கட்டம், குறுக்கே ஐந்து, நீளவாக்கில் ஏழு. முப்பத்து நான்கு முடிந்துவிட்டது, நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. மூன்று வாரமாக அவருடைய சட்டைகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் சட்டையை வெட்டும்போது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை, கத்தரி வழுக்கிக்கொண்டு போனது, அது எனக்கே அசிங்கமாக இருந்தது. மில்லுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டைகள் ஒன்பது. ஒன்றில் பாக்கெட்டில் பேனா மை. சூப்பர்வைசர் ரங்கசாமி அண்ணன் என்றால் மில் கேட்டில் எல்லோருக்கும் உயிர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவர், அவருடைய சாவுக்குத் தெரு கொள்ளவில்லை. சாம்பல் நிறக் கோடு போட்டது எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் போட்டிருந்தது. பதினோரு நாளும் வீட்டுக்குப் போகாமல் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சட்டை கிழிந்திருந்தால் தேவலை என்று தேடிப் பார்த்தேன், கிழியவில்லை. அதைப் பட்டை பட்டையாக வெட்டி ஒன்பது கட்டங்களில் சிதறவைத்தேன், எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிறது. பதினோரு நாள் இருந்த மனுசன்தான் குணமாகி வீட்டுக்கு வந்த அன்றைக்கு மெஷினை மடக்கி மேலே பரணில் ஏற்றினார். உடம்புக்கு ஆகாது என்றார். ஒரு வருடம் கழித்து நானே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். வந்தவர்களிடம், "எங்க வீட்ல பிச்சைக்காரத் தையல் மறுபடியும் ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். காபி கொண்டுவந்து கொடுத்தபடி நானும் சிரித்தேன், அதுதான் இன்னமும் தொண்டையில் நிற்கிறது. ஒவ்வொரு தையலின் உள்மடிப்பையும் அடர்நிறத் துணிப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட வேண்டும், வெளிர்நிறப் பக்கம் சாய்த்தால் உள்ளேயிருக்கிற பிசிறு நிழலாக வெளியே தெரியும். முப்பத்து மூன்று வருடமாக எல்லாவற்றையும் அடர்நிறப் பக்கமாகத்தான் சாய்த்து வந்திருக்கிறேன்.

இந்தச் சிவப்புத் துணி அவருடைய மணிவிழாவுக்கு அவர் தங்கை சிவகாமி வாங்கியது. வைகாசியில் அறுபது முடிந்திருக்கும். மறுபடியும் மாலை, மறுபடியும் தாலி, பக்கத்தில் உட்கார்ந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். மாசியிலேயே போய்விட்டார். தப்பித்தேன் என்று அன்றைக்கு ராத்திரியே ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதை அமுக்கினேன், மறுபடியும் வந்தது. "என்ற அண்ணன் போட்டுப் பாக்காத துணிங்க அண்ணி, நடுவுல பெருசா வெச்சுருங்க" என்று சிவகாமி அழுதுகொண்டே கொடுத்தாள். நடுக்கட்டத்துக்குப் பட்டை கிடையாது, முழுச் சதுரம், பன்னிரண்டு அங்குலம். அவள் கொடுத்த அன்றைக்கே அலசிக் காயவைத்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்று முதல் வாரம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தையலில் நான் எதையும் மறக்கிறவள் இல்லை. நான் நினைத்துப் பார்க்கிறேன், டொராண்டோவில் அவன் மனைவி ஒருநாள் இதை வாஷிங் மெஷினில் போடுவாள். வெளியே எடுக்கும்போது நடுவில் கொழுக்கட்டை பிடித்த மாதிரி சுருண்டிருக்கும், சுற்றிலும் வெள்ளைச் சட்டைகளில் சிவப்பு ஏறியிருக்கும், மில் சட்டைகள், கோடு போட்ட சட்டை, எல்லாம். யாரும் வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. துணி சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. பிறகு போன் வரும். திவாகர் அழுவான். "சுடுதண்ணியில போட்டுட்டோம்மா, எங்க தப்புதான், அப்பா துணிய நாசம் பண்ணிட்டேன்." மனைவியைத் திட்டியிருப்பான். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள். அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன சொல்வேன்? விடு கண்ணு, ஒட்டுப்போட்ட துணிதானே, இன்னும் ரெண்டு ஒட்டுப் போட்டுக்கலாம்.

பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டேன். என் வாய்க்குள் அவர் குரல். அதே இழுப்பு, அதே சிரிப்பு. இதற்கா இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் நானும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் போர்வையில் ஓட்டை போடுவதற்கா. எழுந்தேன். நிஜமாகவே எழுந்தேன், துணியை உதறி மடிப்பைக் கலைத்துத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையைத் தாண்டிப் புறக்கடைக்கு வந்தேன். இரண்டு மணி ஐந்து நிமிடம். தண்ணீரில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது, அதை விரலால் எடுத்துப் போட்டேன். சிறுவாணித் தண்ணீர் மதியத்திலும் குளிர்ந்துதான் இருந்தது. துணியின் ஒரு முனையைக் கையில் பிடித்தேன். உள்ளே போன் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். சிவகாமி.

"ஏனுங்க அண்ணி, ஆச்சுங்களா?"

"ஆயிட்டே இருக்கு."

"திவாகர் கண்ணு இங்க எல்லாருகிட்டயும் அதையேதான் சொல்லிட்டிருக்கான். எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. என்ற அண்ணன் மட்டும் அந்தக் காலத்துல உங்களுக்கு மெஷின் வாங்கிக் குடுக்கலீன்னா இன்னைக்கு அவருக்கு இந்தப் போர்வை கெடைச்சிருக்குமா சொல்லுங்க. அவரு குடுத்த மெஷின்ல அவருக்கே. எல்லாம் அவரு புண்ணியமுங்க."

"ஆமா" என்றேன். முப்பத்து மூன்று வருடமாக நான் நன்றாகச் சொல்லப் பழகிய வார்த்தை அது. மெஷின் எங்கள் அம்மாவினுடையது. அம்மா செத்த பிறகு என் அண்ணனோடு மல்லுக்கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன், வீட்டு வாசலில் இறக்க ஒரு கை பிடிக்கச் சொன்னதற்கு அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை. மெஷினின் அடிப்பலகையில் அம்மா பெயரின் முதல் எழுத்து ஆணியால் கீறியிருக்கிறது, வேண்டுமானால் சிவகாமி வந்து குனிந்து பார்க்கட்டும். குனிய மாட்டாள். யாரும் குனிய மாட்டார்கள். போர்வை வாசலில் கிடந்தபோதும் அவருடைய பெருமை, மெஷின் உள்ளே ஓடும்போதும் அவருடைய புண்ணியம். போனை வைத்துவிட்டு நான் திரும்பவும் புறக்கடைக்குப் போகவில்லை. மேசை மேல் துணியை விரித்தேன், பழக்கதோஷத்தில் இரட்டையாக மடித்து விரித்துவிட்டேன், ஸ்கேலை வைத்து, சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, பன்னிரண்டரைக்குப் பன்னிரண்டரை வெட்டினேன். கஞ்சி போகாத துணி கத்தரியில் மொறமொறவென்று விழுந்தது. இரண்டு சதுரங்கள் வந்தன. ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்தேன். கச்சிதம். என் அளவு ஒருநாளும் தப்பாது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு ஊசிக்குத்துக்கும் யோசித்தேன், மெஷின் மட்டும் நிற்கவில்லை. மூலை மூலையோடு சேர்கிற இடத்தில் குண்டூசி, ஊசி வருவதற்கு முன் குண்டூசியை எடுத்துவிட வேண்டும், எடுத்தேன். நான்கு பக்கமும் சேர்ந்தது. ஓரவரிசைகளைச் சேர்த்தேன். அடியில் அவருடைய இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து விரித்து, மேல்துணியை அதன்மேல் போட்டு, வேட்டியின் ஓரத்தை இரண்டு சுற்று மடித்து மேலே கொண்டுவந்து தைத்தேன். நான்கரை மணிக்கு முடிந்தது. கட்டிலில் விரித்துப் போட்டேன். இருப்பதைச் சொல்ல வேண்டும், என் கையில் இதுவரை இவ்வளவு நன்றாக எதுவும் வந்ததில்லை. வெளிர்நிறமும் அடர்நிறமும் மாடிப்படி மாதிரி ஏறி இறங்க, நடுவில் அந்தச் சிவப்பு. சமமாக, சுருக்கமே இல்லாமல், நல்லபிள்ளையாகக் கிடந்தது. அவன் வந்ததும் சொல்லிவிடலாம், நடுத்துணியைப் பிரித்துவிட்டு வேறு வைத்துத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடலாம், நேரம் பத்தவில்லை கண்ணு என்று ஒரு வார்த்தை போதும். அதையும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டோ சத்தம். திவாகர் செருப்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றிப்போட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்தான். கோடு போட்ட சட்டையைக் கண்டுபிடித்துத் தடவினான், மை பட்ட பாக்கெட்டைக் கண்டுபிடித்து அதற்குள் இரண்டு விரலை விட்டான், பிறகு முழங்காலில் உட்கார்ந்து முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. சிவகாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எத்தன பாசமிருந்தா இப்படி வரும். ஒரு சுருக்கமில்ல பாருங்க" என்றாள். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் ஒன்று உந்தியது.

"கண்ணு, அந்த நடுத்துணி..."

"சூப்பரா இருக்கும்மா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இத யாரும் போத்தக்கூடாது. ஹால்ல பெரிய கண்ணாடி ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன். அங்க ஒருத்தர்கிட்டப் பேசிட்டேன், காத்து போகாம அடைச்சுக் குடுப்பாராம். அப்பா வாசம் அப்படியே இருக்கும். கீழ சின்னதா ஒரு தகடு, 'அப்பாவுக்கு அன்புடன் அம்மா'ன்னு."

"வருசத்துக்கு ஒருக்காவாவது தண்ணியில அலசணும்" என்றேன். என் குரல் எனக்கே அவசரமாகக் கேட்டது. "இல்லீன்னா பூச்சி புடிச்சிரும்."

"பூச்சியெல்லாம் அங்க வராதும்மா. தண்ணியே படக்கூடாது. நான் சாகற வரைக்கும் இதுமேல ஒரு சொட்டுத் தண்ணி படாது."

அவன் சொன்னால் செய்கிறவன், அதில் அப்பாவைப் போல. பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு முதலில் போர்வையை வைத்தான். கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சத்தில், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, என் பெயரோடு. ஒரு சுருக்கம் விழாது. நான் போன பிறகும் விழாது. இந்தக் கல்யாணம் இப்படித்தான் இருந்தது என்று அது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும், என் கையால் நானே தைத்த சாட்சி, தையல் தெரிந்தவர்கள் வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர்கள் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தபோது மேசையில் மிச்சமிருந்த இன்னொரு சதுரத்தை எடுத்துக்கொண்டு புறக்கடைக்கு வந்தேன். வாளியில் போட்டேன். சற்று நேரம் மேலேயே மிதந்தது, கஞ்சி விட்டதும் உள்ளே இறங்கியது. சாயம் முதலில் நூல் நூலாக வந்தது, பிறகு தண்ணீர் முழுக்கச் சிவந்துவிட்டது. கையை விட்டு அலசி, பிழிந்து, கல்லின்மேல் விரித்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன். பன்னிரண்டரை இருந்தது பதினொன்றரை. நான் மனதில் போட்டு வைத்திருந்ததும் பதினொன்றரைதான். சரியாக இருந்தது, ஒரு நூல் இழைகூடத் தப்பவில்லை. இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

"அம்மா, கெளம்பட்டுமா" என்று திவாகர் புறக்கடை வாசலில் வந்து நின்றான். காலில் விழப் போனவன் நிமிர்ந்து பார்த்தான். "கையில என்னம்மா இவ்வளவு செவப்பு?"

"சாயம் கண்ணு" என்றேன். "ஒரு துணிய நனச்சேன்."